ஆற்றுக்குள் இறங்கிய வீடு

1896 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வால்புர்காவின் வீடு, கிழக்கே ஓடும் நெக்கர் ஆற்றை நோக்கிப் பத்து விரற்கடை நகர்ந்தது. அடுப்பில் கொதித்த பயறு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதே நேரத்தில் அவள் கணவன் கிலியன் மேட்டுத் தொழிற்சாலையில் மேற்குச் சுவரைப் பார்த்து நின்று, புதுவகைக் கைத்துப்பாக்கி ஒன்றைச் சுட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி என்றால் சுட்டவன் கையை உதைக்கும். இந்தப் புதுவகையோ அந்த உதையில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு, வெற்றுத் தோட்டா உறையை வெளியே தள்ளி, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொண்டது. ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் கிலியன் அன்று சுட்ட ஒன்றில் மிச்ச உதையும் கைக்கு வரவில்லை. பத்துக் குண்டு போயும் மணிக்கட்டு அசையவில்லை. உதைக்காத துப்பாக்கியை எவன் நம்புவான் என்று மேலாளர் முத்திரை குத்த மறுத்து, அதை அவனிடமே கொடுத்துவிட்டார். வீடு திரும்பிய கிலியன், வாசற்படி தள்ளிப்போயிருப்பதைப் பார்த்தான். உதை எங்கே வந்து சேர்ந்தது என்று புரிந்தது. வால்புர்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

பதினெட்டு வருஷம் அது பெட்டியிலேயே கிடந்தது, வீடும் நின்ற இடத்தில் நின்றது. இடையில் கிலியன் சளிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். 1914இல் மகன் ஆல்பன் மேற்கே போர்முனைக்குக் கிளம்பியபோது பெட்டியைத் திறந்தான்.

"இதை எடுத்துட்டுப் போறேம்மா. உதைக்காது, குறி தப்பாது."

"எடுத்துட்டுப் போ. பாத்து சுடு. ஆத்துக்கு இன்னும் இருபது அடிதான் இருக்கு."

இரண்டாம் வருஷம் அவனிடமிருந்து கடிதம் நின்றுபோனது. செத்திருப்பான் என்று ஊர் பேசத் தொடங்கிய வாரத்தில் வீடு இரண்டு விரற்கடை நகர்ந்தது. வால்புர்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளுமே தவிர, தானே சுடாது. விசையில் ஒரு விரல் வேண்டும். அது ஆல்பனின் விரல்.

அதன்பின் ஒவ்வொரு நகர்வும் அவள் வயிற்றில் பால் வார்த்தது. மறுகணமே, குண்டு போன பக்கத்தில் இருக்கும் இன்னொரு தாயை நினைத்து நெஞ்சு கூசியது. வீடோ பூனை நடப்பதுபோலச் சத்தமில்லாமல் போனது. பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஆட்களைக் கூட்டிவந்து, வீட்டை வாதுமை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டினாள் பக்கத்து வீட்டு கிரெசென்ஸ். வால்புர்கா ரொட்டிக் கத்தியால் கயிற்றை அறுத்தாள்.

"கிறுக்காடி உனக்கு? நாலு அடிதான் பாக்கி. வெளிய வா."

"கட்டிப் போட்டா, எம்புள்ள இருக்கானா இல்லையான்னு எனக்கு யாருடி சொல்லுவா?"

1918 அக்டோபரில் வீடு ஒரே மூச்சில் ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் முழங்கால்வரை வந்தது. அதன்பின் வீடு அசையவில்லை. நவம்பரில் போர் முடிந்தது, மற்ற வீட்டுப் பிள்ளைகள் திரும்பினார்கள். வால்புர்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நகராத வீட்டில் தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தாள்.

ஜனவரியில் எலும்பும் தோலுமாக ஒருவன் கரையில் வந்து நின்றான்.

"அந்தச் சனியனைக் கிணத்துல போட்டுட்டேம்மா."

"அதான் வீடு நின்னுடுச்சா," என்றாள் வால்புர்கா. இரண்டாவது தட்டில் பயறை ஊற்றினாள். "பூட்ஸைக் கழட்டிட்டு இறங்கி வா. பயறு ஆறுது," என்றாள்.

வசந்தத்தில் நகராட்சி கரையிலிருந்து வாசல்வரை பலகை போட்டுக் கொடுத்தது. தபால்காரர் அதன்மேல் நடந்து போய்க் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறார்.