வௌவாலின் காது

வௌவால் என்று அவருக்குப் பெயர் வைத்தது ஆபீஸ். வைத்ததில் நியாயமும் இருந்தது. நாலு மேசை தள்ளி ஒருவர் தண்ணீர் பாட்டிலை மூடினால், மூடி சரியாக உட்காரவில்லை என்று இங்கிருந்தே சொல்கிற காது. சம்பளமே அந்தக் காதுக்குத்தான். மற்றபடி மனுஷருக்கு வேறு வேலை ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் எழுத்தைப் பெரிதாக்கவே பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடுவார்.

கம்பெனி பாட்டுகளைச் சேர்த்துவைத்து ஜனங்களின் போனுக்கு அனுப்புகிறது. பாடிப் பதிவு செய்த மூலம் பெரியது, இடத்தை அடைக்கும். அதனால், காது கவனிக்காது என்று நினைக்கிற சத்தங்களையெல்லாம் உருவி எடுத்துவிட்டுப் பாட்டைச் சுருக்கிவிடுவார்கள். அளவுக்கு மீறி உருவினால் பாடுகிறவள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவாள், மணியோசை மணலைக் கொட்டினது போலக் கேட்கும். அளவு மீறியிருக்கிறதா என்று சொல்வதுதான் வௌவாலின் வேலை.

அதற்கென்று ஒரு சின்ன அறை. கனத்த கதவு, ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே போய் உட்கார்ந்தால் சொந்த மூச்சே பக்கத்தில் யாரோ விடுவது போலக் கேட்கும். ஹெட்ஃபோனில் முதலில் மூலம் வரும், அடுத்தது சுருக்கியது, மூன்றாவதாக இந்த இரண்டில் ஏதோ ஒன்று. அது எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப. விடாமல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று அர்த்தம், சுருக்கியவர்கள் மறுபடி செய்ய வேண்டும். பாதி சரி, பாதி தப்பு என்று வந்தால் குருட்டாம்போக்கு. அதாவது, வித்தியாசமே இல்லை.

கேட்கிற ஜனங்களோ பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவர்கள். பஸ் நெரிசலில், ஒற்றைக் காதில், கண்டக்டரின் விசிலோடு சேர்த்துக் கேட்கிறவர்கள். இவர்களுக்காகவா இத்தனை பாடு என்று ஆபீஸில் கிண்டல் உண்டு. வௌவால் அந்த ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்தக் காதால் வீட்டுக்கு ஒரு நன்மையும் கிடையாது. மனைவிக்குப் பாட்டென்றால் உயிர். போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்துச் சமைப்பாள், சத்தம் கொஞ்சம் கூடுமாம். "தகர டப்பாவை டம்ளர்ல வேற போட்டாச்சா" என்று இவர் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பார். நாளாக ஆக அவள் ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கப் பழகினாள். இவர் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று மறு காதைக் காலியாக விட்டாள். கூடச் சேர்ந்து முணுமுணுப்பதும் நின்றது. வீடு அமைதியாக இருக்கிறது என்று இவர் சந்தோஷப்பட்டார். அவ்வளவு பெரிய காதுக்கு அவ்வளவுதான் கேட்டது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, சார்ஜர் கீச்சுன்னு கத்திக்கிட்டே இருக்கு பாருங்க. பிடுங்கி விடுங்க."

இவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சுவரில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு சார்ஜர். எது கத்துகிறது என்று வௌவாலே கேட்க முடியுமா? கறுப்பைப் பிடுங்கினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வெள்ளையைப் பிடுங்கிவிட்டுப் போனாள்.

வயசு ஏறினால் உச்சத்தில் இருக்கிற சத்தம் முதலில் போகும், எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார் காது டாக்டர், நரைமுடியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. டாக்டருக்கென்ன, அவர் காதை நம்பியா பிழைக்கிறார்?

வௌவால் ஒரு வழி கண்டுபிடித்தார். சுருக்குகிற மென்பொருள் பாட்டின் தொடக்கத்தில் ஓர் இம்மி மௌனத்தை விட்டுவைக்கும். மூலத்தில் அது கிடையாது. இத்தனை வருஷம் அந்த அறையில் கிடந்தவருக்கு அது போதும். பாட்டைக் கேட்பதை விட்டார். பாட்டுக்கு முன்னால் இருந்த ஒன்றுமில்லாததைக் கேட்டார். பதில்கள் முன்பைவிடத் துல்லியமாக வந்தன. சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே வேண்டுமென்றே தப்பாக அழுத்தி ஒன்றிரண்டு பாட்டைப் போகவிட்டார். வௌவாலுக்கு வயசாக ஆகக் காது கூர்மையாகிறது என்று சுருக்குகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இந்த மாசம் புது மென்பொருள் வந்தது. அந்த இம்மி மௌனத்தை அது விடவில்லை. அதே வாரம் மேலாளர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் மூலம், சுருக்கியது என்று இரண்டையும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்றார். வௌவால் சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் மூலத்தை அழித்துவிடலாம். முதல் தொகுதிக்கு ஒரே ஒரு பாட்டுதான் பரீட்சை. படகுக்காரன் பாடுகிற மெதுவான பாட்டு, ஒவ்வொரு அடியின் முடிவிலும் சின்ன மணி ஒன்று தட்டி, அதன் ஓசை இழுத்துக்கொண்டே போகும். சுருக்கினால் முதலில் சாவது அதுதான். அது தப்பித்தால் மற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கும் சேர்த்து அதே முடிவு.

இன்று காலையில் அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஹெட்ஃபோனை மாட்டிய பிறகுதான் தான் எப்படி மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு முழுசாகப் புரிந்தது. வித்தியாசம் இருக்கிறது என்று பொய் சொல்லிப் பாட்டைக் காப்பாற்றலாம் என்று பார்த்தால், அந்தப் பொத்தான்களில் பொய் சொல்ல இடமே இல்லை. எப்படி அழுத்தினாலும் பாதிதான் சரியாக வரும், பாதி வந்தால் மூலம் போய்விடும். முதலாவது பாடியது, இரண்டாவது பாடியது, மூன்றாவது பாடியது. மூன்றும் அழகாக இருந்தன. குறை தேடாமல் ஒரு பாட்டைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவருக்குக் கண் கலங்கியது. அழுத்திக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது மேலாளர் அம்மா திரையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். பாதிக்குப் பாதி.

"மேடம், என் காது முந்தி மாதிரி இல்ல" என்றார் வௌவால்.

"போன மாசம் வரைக்கும் சுருக்குறவங்களை அழ வெச்ச காது சார் அது. ஒரே மாசத்துல போயிடுமா?" என்றார் அவர். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் நம்ப வேண்டுமென்றால் ஒரு வருஷத்துத் திருட்டைச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், இந்த வயசில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? அசடு வழிய அவரும் சேர்ந்து சிரித்தார். பழையதற்குப் பதிலாக, புதிதாகச் சுருக்கிய பாட்டு மத்தியானமே எல்லார் போனுக்கும் போய்விட்டது. காலையில் மூலத்தை அழித்துவிடுவார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அந்தப் படகுப் பாட்டைப் போடச் சொன்னார். சத்தமாகவே போடு, டம்ளரிலேயே வை என்றார். அவள் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். முதல் அடி முடிந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மணிக்கு என்ன ஆச்சு?"

இவர் டம்ளர் பக்கமாகக் குனிந்தார்.

"நேத்துகூட கேட்டேனே. இந்த இடத்துல இழுத்துக்கிட்டே போகும், அதுக்காகத்தான் இந்தப் பாட்டே. இப்ப சுரண்டுற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்கல?" கேட்டவள் தானே நிறுத்தினாள். சார்ஜர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கேக்காது. எனக்குத் தெரியும்."

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். மௌனத்தைக் கேட்டது, பொத்தான், காலையில் அழிக்கப் போவது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உங்க காதுக்காகன்னுதான் இந்த வீட்ல ஒரு பாட்டை வாய்விட்டுப் பாடாம இருந்தேன்" என்றாள். "இப்ப அந்தக் காதும் இல்ல. பாட்டும் இல்லாம பண்ணிட்டு வந்திருக்கீங்க."

வௌவால் தன் போனை எடுத்தார். வேலை போனால் போகட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு மேலாளர் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். காது போய் ஒரு வருஷமாயிற்று என்றார். தன் பதில் எதுவும் செல்லாது, தயவுசெய்து அழிக்காதீர்கள் என்றார்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சார், இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல மட்டும்தான்."

"அதோட விட்டுடுங்க. நானும் கேக்கல, நீங்களும் சொல்லல." குரலில் கோபமே இல்லை, அன்பாகத்தான் இருந்தது. "இன்னும் ஒரு கிடங்கு நிறையப் பாட்டு பாக்கி கிடக்கு. அத்தனைக்கும் உங்க காதுதான் சார் எங்களுக்கு வேணும். உங்களை யாரு விடப் போறா?"

போனை வைத்தார். டம்ளருக்குள் அடுத்த பாட்டு தானாகவே தொடங்கியிருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.

"என்ன, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல" என்றார். "காலையில வரச் சொல்றாங்க."