திங்கட்கிழமைக் குளியல்

"ஒரு சொட்டு போரும் அஞ்சு, சடங்குதானே" என்று அத்தை சொல்லி வாய் மூடுவதற்குள், அஞ்சுவின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா வாங்கிக்கொண்டாள்.

முற்றத்துப் பெஞ்சில் அப்பா படுத்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் புளி மொத்த வியாபாரம் செய்த தாணு, அன்று ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியை ஊதிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு துளி எண்ணெயும் ஒரு சிட்டிகை சீயக்காயும் அவர் உச்சியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

போன தை மாதம் அவருக்கு வலது கண்ணில் கருவிழி மாற்றி வைத்தார்கள். சில வாரத்தில் அதில் பூஞ்சை பிடித்தது. "புளிச் சாக்குல பூசணம் பிடிக்கும், சரி. ஆளுக்குமா பிடிக்கும்?" என்று டாக்டரிடமே கேட்டவர் அவர். அதிலிருந்து மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, கடைத் தூசி ஆகாது, தலையில் தண்ணீரே படக்கூடாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காததை மட்டும் பொறுக்க முடியவில்லை. அம்மா குளியலறை வாசலில் காவல் நின்றாள். நேற்றும் அதே கெஞ்சல்தான்.

"சரசு, ரெண்டே செம்பு. கண்ணை இறுக்கி மூடிக்கிடுதேன்."

"பூஞ்சை போயாச்சுல்லா? திங்கக்கிழமை டாக்டர் பாத்துட்டு குளிக்கச் சொல்லுவாரு. அன்னைக்கு நானே தேச்சு விடுதேன். இப்பம் சும்மா இருங்க."

"உனக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சிருக்கணும்" என்று சிரித்தார் அப்பா.

இப்போது அம்மா கிண்ணத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். உச்சி, காதுமடல், பின்னங்கழுத்து என்று அழுத்தித் தேய்த்தாள்.

"மயினி, மதி, போரும். தைக்காட்டு மயானத்துல மூணு மணிக்குன்னு புக் பண்ணியிருக்கு" என்றாள் அத்தை.

"நிக்கட்டும். எண்ணெய் ஊறண்டாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அஞ்சுவுக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவுக்குக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

"அஞ்சு, வெந்நி போட்டியா?"

"நீர்மாலை எடுத்துட்டு வந்த தண்ணி குடத்துல இருக்கும்மா."

"அதையும் ஊத்துவோம். அவருக்குப் பச்சத்தண்ணி ஆகாது."

அஞ்சு உள்ளே ஓடி வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா விரலை விட்டுச் சூடு பார்த்துத் தலையாட்டினாள். அஞ்சு செம்பைச் சாய்த்தாள்.

தண்ணீர் நெற்றிக்கு இறங்குவதற்குள் அம்மாவின் உள்ளங்கை அவருடைய வலது கண்ணின்மேல் குவிந்திருந்தது.

"மெள்ள ஊத்து" என்றாள்.