பத்தரை மணிக் கல்யாணம்

பேருந்து நிலையத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், வீட்டில் சொன்ன கையோடு டைம்கீப்பரின் ஜன்னலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். நடைமேடைகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு சின்ன அறை. ஒரு மைக், ஒரு கடிகாரம், வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதும் நீளமான தாள்கள், அந்தத் தாள்கள் பறக்கக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்த மின்விசிறி. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து தினம் முந்நூறு வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிறவளுக்கு ஒரு கல்யாணத்தை நேரத்துக்கு நடத்தத் தெரியாதா என்பது அவர்கள் நினைப்பு. அது சரிதான். அவள் சொல் கேட்டு நடந்த கல்யாணங்களில் இதுவரை ஒன்றில்கூடச் சாப்பாடு ஆறிப்போகவில்லை.

"மண்டபத்தை அப்புறம் பாரு," என்பாள். "முதல்ல ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து, யார் வரலேன்னா உனக்கு இது கல்யாணமாவே தெரியாதோ, அவங்களை மட்டும் எழுதுங்க. நாலு பேருக்கு மேல போகக் கூடாது. அவங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் தோதுன்னு கேளு. அதுக்கப்புறம் தேதி. அதுக்கப்புறம் மண்டபம். துணி என்ன நிறம்ங்கிறது கடைசியிலும் கடைசி."

மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு வந்த ஒரு கண்டக்டரை அவள் இன்னும் விட்டபாடில்லை. அவன் தங்கைக்கு அதே நாளில் கடைசிப் பரீட்சை. அந்தப் பெண் எழுதி முடித்து, மை ஒட்டிய விரலோடு ஓடி வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததை, யோசனை கேட்டு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். கண்டக்டர் பக்கத்தில் நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வாள்.

மற்ற யோசனைகளும் இந்த மாதிரிதான். அன்றைக்கு மாப்பிள்ளை, பெண் இரண்டு பேர் போனும் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் மேடைக்குப் போகும் முன்பு வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும். பதிவாளரை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வரவழைத்துவிட வேண்டும். "டிரைவர் இல்லாம வண்டி கிளம்பாது," என்பாள்.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு உட்பட தினமும் காலை ஏழு மணிக்குக் கருவிப் பையோடு கிளம்பினால் ஊரில் உள்ள அடுக்குமாடிகளை எல்லாம் ஏறி இறங்கிவிட்டு இரவு எட்டுக்குத்தான் வீடு. அவனிடமும் தாளை நீட்டினாள். அவள் தாளில் நான்கு பேர் இருந்தார்கள். அவன் தாளில் ஒரே ஒரு சொல்: அம்மா.

அந்த அம்மா தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாக நடுக்குவாதம். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாத ஒன்று டைம்கீப்பருக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான்.

அவளுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால் வருங்கால மாமியார் வீட்டுக்கு ஒருநாள் காலை பத்து மணிக்குப் போனாள். அத்தை கையை வீசிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார், காபி போட்டார், நின்றுகொண்டே ஊர்வம்பு பேசினார். அடுத்த வாரம் சாயங்காலம் நாலு மணிக்குப் போனாள். கதவு திறக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நிமிடத்தைக் குறித்துக்கொள்வது அவள் பிறவிக்குணம். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

"எட்டரைக்கு மாத்திரை போட்டா ஒன்பதரைக்குக் கால் வரும்மா," என்றார் அத்தை. "பதினொன்றரை வரைக்கும் நான் பழைய ஆளு. அப்புறம் இப்படித்தான். அடுத்த மாத்திரை மத்தியானம். அது பாதி நாள் வேலையே செய்யறதில்ல. முன்னாடி எடுத்துக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவன் போகும்போதும் படுத்திருக்கேன், வரும்போதும் படுத்திருக்கேன். அம்மா எப்பவும் இப்படித்தான்னு நினைச்சுட்டிருக்கான். இன்னும் விவரம் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்துக்குவான். அவன்கிட்ட சொல்லாத. பெரியவகிட்டயும் சொல்லாத."

பெரியவள் என்றால் மாப்பிள்ளையின் அக்கா, வேறு ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே போனில் ஒரு குழு தொடங்கி, சாயங்காலம் ஆறு மணி, விளக்கு அலங்காரம், இருநூறு பேர் என்று முடிவே செய்துவிட்டிருந்தாள்.

"சாயங்காலம்னா நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை?"

"ஓரமா உக்காந்துக்கறேன். எனக்கு என்ன ஆசைன்னா..." அத்தை வாசல் பக்கம் பார்த்தார். "வாசல்லேர்ந்து மேசை வரைக்கும் நானே நடந்து வந்து, சாட்சிக் கையெழுத்தை என் கையால போடணும். தபால் ஆபீஸ்ல எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன். என் பையனுக்கு ஒண்ணு போட முடியாதா? ஆனா அவ சாயங்காலம்னு சொல்லிட்டா. விடும்மா."

டைம்கீப்பர் விடுகிற ரகம் இல்லை. "காலையில பத்தரை," என்றாள். "நான் வைக்கிறேன். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

காரணத்தைச் சொல்லாமல் சண்டையில் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை இரவு தெரிந்தது. காலையில் யார் வருவார்கள் என்றாள் நாத்தனார். வேண்டியவர்கள் வருவார்கள் என்றாள் இவள். சாயங்கால வெளிச்சத்தில்தான் படம் நன்றாக வரும் என்றாள் நாத்தனார். காலையில் முகம் புதிதாக இருக்கும் என்றாள் இவள். என் அலுவலகத்துப் பெரியவர்களுக்கு நான் என்ன சொல்ல என்றாள் நாத்தனார். பத்தரை என்று சொல்லுங்கள் என்றாள் இவள். இப்படியே ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் நாத்தனார் நோட்டை மூடிவிட்டு, "வர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு பிடிவாதமா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள். அவன் விட்டத்தைப் பார்த்தான்.

அவளை வழியனுப்பப் படி இறங்கும்போது அவன் கேட்டான். "இதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல?"

"இருக்கு."

"என்கிட்ட சொல்ல மாட்ட?"

"மாட்டேன்."

இரண்டு படி இறங்கினான். "சரி. பத்தரை," என்றான். அந்த ஒரு 'சரி'க்காகவே இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இனி எல்லாம் நல்லபடியாகப் போகும் என்றும் தோன்றியது. அங்கேதான் தப்பு. ஒரு வண்டியின் நேரத்தை டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சொல்லாமல் ரகசியமாக வைத்துக்கொண்டு அது சரியாக ஓட வேண்டும் என்று நினைக்கிற டைம்கீப்பர் உலகத்தில் உண்டா? தன் கல்யாணத்தில் இவள் அதைத்தான் செய்திருந்தாள்.

கல்யாணத்தன்று ஒன்பது பத்துக்கு மண்டப வாசலில் கார் வந்து நின்றது. போன் தோழியிடம் போய்விட்டது, வயிறு நிறைந்துவிட்டது, பதிவாளர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தன் யோசனைப்படி தானே நடக்கிற திருப்தியோடு அவள் வாசலுக்கு வந்தாள். காரிலிருந்து அத்தை தானாகவே இறங்கினார். விறுவிறுவென்று படியேறினார். எதிரே வந்தவரிடம் சிரித்துப் பேசினார். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கணக்கு உதைத்தது. எட்டரை மாத்திரைக்கு ஒன்பது பத்தில் இந்த நடை வராது.

"மாத்திரை எப்ப போட்டீங்க அத்தை?"

"பெரியவ ஏழு மணிக்கே குடுத்துட்டா," என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "கிளம்புற அவசரத்துல மறந்துடக் கூடாதுன்னு பெட்டியைக் கையில எடுத்துட்டு வந்து நிக்கிறா. வேண்டாம்னா ஏன்னு கேப்பா. முழுங்கிட்டேன்."

ஏழு மணி. அப்படியானால் எட்டிலிருந்து பத்து வரை. பத்தரை மணிக்கு அந்தக் கால்கள் இருக்காது. மண்டபத்துக் கடிகாரம் ஒன்பது பன்னிரண்டு காட்டியது.

அவள் தொழிலில் தாமதத்துக்கு மன்னிப்பு உண்டு. மழை பெய்யும், டயர் வெடிக்கும். ஆனால் நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுப்பதற்கு மன்னிப்பே கிடையாது. சொன்ன நேரத்தை நம்பி வீட்டிலிருந்து கிளம்பியவன் நடுத்தெருவில் நிற்பான். பதினோரு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட அவள் ஒரு நிமிடம் முன்னால் விட்டதில்லை. இன்றைக்கு அவள் பணிமனை ஆட்கள் முப்பது பேர் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அந்த ஷிஃப்டைப் போட்டதே அவள்தான். அவள் தாளில் எழுதிய நாலு பேரில் இரண்டு பேர் அந்த முப்பதில் இருந்தார்கள். ஆனால் முடிவெடுக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பதிவாளரிடம் போய், "ஐயா, கை கழுவிட்டு வந்துடுங்க, இப்பவே வச்சுக்கலாம்," என்றாள். போட்டோக்காரரிடம், விளக்கு இல்லாமல் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து பாருங்கள் என்றாள். மாப்பிள்ளையை மேசை அருகே நிறுத்தினாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே நாற்பது பேர் இருந்தார்கள்.

நாத்தனார் ஓடி வந்தாள். "என்ன நடக்குது இங்க? பத்தரைன்னு அழைப்புல போட்டிருக்கு. நீதான அடம்பிடிச்சுப் போட வச்ச? ஆளே வரல. எங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்கூட வரல."

"தெரியும் அண்ணி. எங்க ஆளுங்களும் வரல."

"அப்புறம் ஏன்?"

டைம்கீப்பர் பதிவாளருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். தம்பியும் அக்காவும் அவளையே பார்த்தார்கள். பதிவாளர் கையைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

"அவளைக் கேக்காத," என்றார் அத்தை வாசலிலிருந்து. தபால் நிலையத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திய குரல் அது. "என்னைக் கேளு. மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரந்தான் எனக்குக் கால். தினமும் அவ்வளவுதான். அதனாலதான் காலையில வைக்கச் சொன்னா, எனக்காக. நீ ஏழு மணிக்குக் குடுத்தது பத்து மணிக்கு முடிஞ்சுடும்."

நாத்தனாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான்தான் குடுத்தேன்," என்றாள். "அம்மா, நான்தான் குடுத்தேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி," என்றாள் டைம்கீப்பர். "உங்ககிட்ட சொல்லாம விட்டது நாங்க. இன்னும் அரை மணி நேரம் இருக்கு, தாராளமாப் போதும். நீங்க முன்வரிசையில வந்து உக்காருங்க." நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்தில் அவள் ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை அம்மாவை நோக்கி நாலடி எடுத்து வைத்துக் கையை நீட்டினான்.

"நீ போய் உன் இடத்துல நில்லு," என்றார் அம்மா.

நடந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, கையை லேசாக வீசிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல், பார்சல் அனுப்ப வந்தவர்களைத் தாண்டித் தன் மேசைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். மாப்பிள்ளை அசையாமல் நின்று பார்த்தான். இரண்டு வருடமாக அவன் பார்த்த அம்மா கட்டிலில் இருப்பவர். இந்த அம்மா தினமும் காலையில் அதே வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறார், அவன் இல்லாத நேரத்தில். அவன் கண்கள் நிரம்பி வழிந்தன. அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள், அவன் போட்டான். மூன்றாவதாகப் பேனா அத்தையிடம் போனது. ஒன்பது ஐம்பத்திரண்டு. முதல் எழுத்து பெரிதாக விழுந்தது. அடுத்தது கொஞ்சம் சின்னதாக, அதற்கடுத்தது இன்னும் சின்னதாக. அவர் நிறுத்தினார், பேனாவை எடுத்தார், மூச்சு விட்டார், மறுபடியும் தொடங்கினார். கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து, பேனாவை மூடிப் பதிவாளரிடம் கொடுத்தார்.

"முத்திரையைச் சாய்க்காம வைங்க," என்றார்.

பத்தரை மணிக்குப் பணிமனை ஆட்கள் சீருடையோடு வந்து சேர்ந்தார்கள். கல்யாணம் முடிந்துவிட்டது என்றதும் ஃபோர்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் முன்னாடி எடுக்கப் பார்த்ததுக்கு எங்க ஆளுக்கு மெமோ குடுத்தவங்க நீங்க. உங்களுக்கு யாரு மெமோ குடுக்கிறது?" என்றார். பரீட்சைக் கதையில் அடிபட்ட கண்டக்டருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள், சாப்பிடப் போகச் சொன்னாள்.

அத்தை அந்த மேசையருகிலேயே உட்கார்ந்திருந்தார். கால் போய்விட்டிருந்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை டைம்கீப்பரிடம் வந்தான். ஏன் மறைத்தாய் என்று கேட்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அதைக் கேட்கவில்லை.

"உனக்குத்தான் ஷிஃப்ட் போடத் தெரியுமே," என்றான். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. காலையில ஒன்பதரையிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் நான் வீட்ல இருக்கணும்."