இன்னொரு தரம்

தெய்வசிகாமணியின் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்தாயிற்று. பிரம்மதேசத்து வீட்டு வாசலில், விழுப்புரம் போக மகன் மணிமாறனின் கார் தயாராக நின்றது. தைலம்மாள் விடிவதற்கு முன்பே நான்கு புடவைகளையும் பிரஷர் மாத்திரைகளையும் ஒரு பையில் திணித்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனோடு வாழ்ந்த வீட்டில் இனி ஒருநாள்கூடத் தனியாக இருக்க அவளால் ஆகாது.

"அம்மா, எங்ககூட வந்துர்றியா? உன் விருப்பம்தான்" என்றான் மணிமாறன்.

"எனக்கு இன்னாப்பா, நான் இங்கயே இருந்துக்கிறேன். நீங்க பாத்துப் போங்க."

வேறென்ன சொல்வாள்? கேட்ட உடனே பையைத் தூக்கிக்கொண்டு ஓட அவளுக்கு மானம் இல்லையா? பந்தியில்கூட முதலில் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைப்பதுதானே வழக்கம். பரிமாறுகிறவர் அதற்காக நகர்ந்துவிடுவாரா? மகன் இன்னொரு தரம் கேட்பான். மூன்றாம் தரம் மருமகள் கலைப்பிரியா கையைப் பிடிப்பாள். அப்புறம் அழுதுகொண்டே ஏறிக்கொள்ளலாம்.

"சரிம்மா. உன் முடிவை மதிக்கிறேன்." அவன் கார் சாவியை எடுத்தான்.

எதிர்வீட்டு வீரம்மாளுக்குத் தாங்கவில்லை. "டேய் மாறா, அவ வாய்வார்த்தைய கேட்டுக்கினு கெளம்புறியே! கையப் புடிச்சி வண்டில ஏத்துடா மொதல்ல!"

"அது தப்பு பெரியம்மா. அம்மாவும் ஒரு தனி மனுஷி. அவங்க வாழ்க்கைய அவங்கதான் முடிவு பண்ணணும். கட்டாயப்படுத்த நான் யாரு?"

"அவ வயித்துல பொறந்தவன்டா! வேற யாரு?"

அவன் சிரித்தான். கார் போய்விட்டது.

மதிப்பாம். முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற மதிப்பு. ஓட்டுக் கேட்கிறவன்கூட மூன்று தரம் வருகிறான். தைலம்மாள் பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கினாள்.

ஒரு மாதம் கழித்து, வாரிசுச் சான்றிதழுக்காகத் திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் காலையெல்லாம் நின்றுவிட்டு, மணிமாறன் மூன்று மணிக்கு வந்தான். அவன் வருவது தெரிந்து கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கொல்லையில் கை கழுவிவிட்டு வந்தவனின் கண் நேராகக் குழம்புச் சட்டிக்குப் போயிற்று.

"சாப்பிடுறியாப்பா?"

"வேணாம்மா, இப்பதான் டீ குடிச்சேன்" என்றபடியே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். வேணாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டில் களி விழுந்திருக்கும். ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை.

தைலம்மாளின் கை கரண்டிவரை போயிற்று. பிறகு மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள்.

"சரிப்பா. உன் விருப்பம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஈரக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வர்றேம்மா."

அவள் தடுக்கவில்லை.

கார் சத்தம் அடங்கியதும் வீரம்மாள் உள்ளே வந்தாள். "சாப்ட்டியாடி?"

"ஆச்சுக்கா."

வீரம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. மகனுக்கு எடுத்து வைத்திருந்த தட்டை இழுத்துக் களியைப் போட்டுக் குழம்பை ஊற்றி தைலம்மாள் முன்னால் நகர்த்தினாள். தைலம்மாள் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் களியைப் பிட்டாள்.