அக்கா பேசிய நாற்பது நிமிடம்

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் பேச்செல்லாம் கையில்தான். இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும், மகளுக்குச் சில விஷயம் சொல்லி வைக்க வேண்டும், படம் பிடித்துக் கொடு என்று தம்பியைக் கேட்டாள். தம்பி வீடியோ எடிட்டர். பழக்கதோஷத்தில் அவள் தோளருகே மைக்கைக் குத்தப் போனான். 'இது யாருக்குடா?' என்று விரலால் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். முகத்திலிருந்து ஃபோகஸ் நழுவாமல் அவன் பார்த்துக்கொண்டான்.

கோப்பு மிகப் பெரிது. ஸ்டூடியோ ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை. சுருக்க இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று தரம் குறைக்காது, ஆனால் ஆறு மணி நேரம் இழுக்கும். மற்றது இருபதே நிமிடத்தில் முடித்துவிடும். உட்கார்ந்து பேசுகிற படம்தானே என்று வேகமானதைத் தேர்ந்தெடுத்தான். ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தகவல் அளவான பிட்ரேட்டை அடிமட்டத்துக்கு இறக்கினான். நொடிக்கு ஐம்பது ஃபிரேமைப் பன்னிரண்டாக்கினான். ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தான். முகம் பளிச்சென்று இருந்தது. மூலப் படத்தை அழித்துவிட்டான்.

அக்கா அறுவைச் சிகிச்சையிலிருந்து மீளவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா மகள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவன் படத்தை ஓடவிட்டான். தொடக்கத்தில் அக்கா நிதானமாகப் பேசினாள், புரிந்தது. பிறகு கை வேகமெடுத்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகத் தோல் நிறம்.

"மாமா, 'உனக்கு'ன்னு தெரியுது. அடுத்தது 'வேணும்'மா, 'வேண்டாம்'மா?"

"கொஞ்சம் பின்னாடி போ."

ஐந்து முறை பின்னால் போனார்கள்.

அழித்ததை மீட்க முடியுமா என்று அவன் டிஸ்க்கைப் பழுது பார்ப்பவரிடம் ஓடினான். "அதே இடத்துல வேற படமெல்லாம் ஏத்திட்டீங்களே சார்," என்று அவர் கையை விரித்தார். படத்தைத் தெளிவாக்கும் மென்பொருளில் போட்டான். அது விரல்களைத் தானாகவே வரைந்து கொடுத்தது. அழகான விரல்கள், அக்கா சொல்லாத ஏதேதோ சொல்லின. அதையும் அழித்தான்.

மறுவாரம் மகள் மறுபடி வந்தாள்.

"நீங்க எதிர்லதானே நின்னீங்க? ஒண்ணுகூடவா ஞாபகமில்ல?"

"முகத்தத்தான் பாத்துட்டிருந்தேம்மா."

 அவள் படம் இருந்த பென்டிரைவைப் பைக்குள் போட்டாள்.

"அப்பா இன்னும் பாக்கல மாமா. எப்ப கொண்டு வருவேன்னு தினமும் கேக்கறார்."

கூடப் போகாமல் அவன் வாசலோடு நின்றுகொண்டான். அவள் படியிறங்கிப் போனாள்.