தூணில் ஏறிய வெள்ளைக் குறி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு தூணின் கதை சொல்கிறேன். பழங்காட்டு மரத்தில் போட்ட சுண்ணாம்புக் குறி ஒன்று, விடிவதற்குள் ஊருக்குள் வந்து ஒரு வீட்டு நடுத்தூணில் ஏறிக்கொண்டது.

குறி போடுகிறவளின் வீடுதான் அது. வெட்டவேண்டிய மரத்துக்கு அவள் வெள்ளைக் கோடு இழுப்பாள். விதைக்கென்று விடும் தாய்மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டுவாள். வெட்டுகாரர்கள் கேள்வி கேட்பதில்லை. வெள்ளையைக் கண்டால் ரம்பம், சிவப்பைக் கண்டால் விலகல். கப்பலுக்கும் போருக்கும் தண்டவாளத்துக்கும் அள்ளிக் கொடுத்த பிறகும் காடு மிச்சமிருந்தது அந்த முறையால்தான்.

அவளுக்கு நாத்தனார்மேல் சந்தேகம். வீட்டில் பாகம் கேட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே.

“உன் கைவேலைதானே இது?”

“சுண்ணாம்பு டப்பா யார்கிட்ட இருக்கு அண்ணி? என்னை விரட்டப் பாக்கறது நீங்கதான்.”

அவள் தூணிலிருந்த குறியைச் சுரண்டினாள், மறுநாள் அது திரும்ப வந்தது. காட்டில் அந்த மரமோ கழுவிவிட்டதுபோல் நின்றது. யாருக்காக மரத்தை ஒளிக்கிறாள் என்று, மரம் வெட்டக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் அவளை முறைத்தார். கடைசியில் அண்ணியும் நாத்தனாரும் தூணுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து காவல் காத்தார்கள். தூணையா பார்த்தார்கள்? ஒருத்தி கையை மற்றவள் பார்த்தாள்.

நட்டநடுப் பகலில், பால் பொங்குவதுபோல் தூணுக்குள்ளிருந்து வெள்ளை மேலே வந்தது. ஜன்னல் வழியே ஒரு மரங்கொத்தி வந்து பழகிய இடம்போல் கொத்தத் தொடங்கியது. அடியில், காட்டின் கிழட்டு நிழலில் மட்டுமே முளைக்கிற நீலக் காளான். கொள்ளுத்தாத்தா காலத்தில் வெட்டி வந்த தூணைக் காடு இன்னும் தன் மரமாகவே வைத்திருந்தது.

அதற்குள் வாசலில் ரம்பத்தோடு வெட்டுகாரர்கள். “வெள்ளை விழுந்தா வெட்டணும்மா. நாங்க கேக்கறதில்ல.”

தூண் போனால் கூரை போச்சு. அவள் சிவப்புத் துணியைத் தேடினாள். எல்லாம் காட்டில் கட்டித் தீர்ந்திருந்தது. நாத்தனார் தன் புதுச் சேலையின் சிவப்புக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

“பாத்துட்டு நிக்காதீங்க அண்ணி, பிடிங்க!”

இருவருமாகக் கட்டினார்கள். வெட்டுகாரர்கள் விலகிப் போனார்கள்.

அடுத்த மழைக்குத் தூண் துளிர்த்தது. வருஷாவருஷம் சமையலறையில் விதை உதிர்த்தது. தாய்மரத்தின் குறுக்கே சுவர் எழுப்பக்கூடாதே, அதனால் பாகப் பேச்சு அப்படியே நின்றது. நாத்தனார் மட்டும் இன்றைக்கும் போகிறபோக்கில் அண்ணியின் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். அண்ணியும் அவள் விரல்களைப் பார்த்துக்கொள்வாள்.

உங்கள் வீட்டுத் தூண்கள் வேர்விடட்டும் கண்ணுகளா. கூரைக்குக் கீழே ஒருவரும் குறையாமல் இருங்கள்.