சிட்டுவுக்குப் பிடித்த வாசனை

அந்தப் பெரிய கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், இடது கைப்பக்கம் சென்ட் பிரிவு. பத்தொன்பது வருஷமாக அங்கே நின்றுகொண்டிருந்தவளைக் கடையில் எல்லோரும் மூக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அது பார்க்கிற வேலைதான் பெரிது. படியில் யார் இறங்கி வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். மேலாளர் திருட்டுத்தனமாக ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, அதை மறைக்க எத்தனை மிட்டாய் மென்றாலும் அவளிடம் மட்டும் பாச்சா பலிக்காது.

கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வகுப்பு எடுப்பார்கள். ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு பெண் உண்டு என்பார்கள். எலுமிச்சை வாசனைக்காரி சுறுசுறுப்பானவள். மரக்கட்டை வாசனைக்காரி யாருக்கும் பணியாதவள். இனிப்புப் பூ வாசனைக்காரி கனிவானவள், கலகலப்பானவள், யார் மனதையும் நோகடிக்காதவள். மற்ற விற்பனைப் பெண்கள் இதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரிப்பார்கள். மூக்கு அக்கா நம்பினாள். அவள் அப்படி நம்பியதால்தான் அவளிடம் வியாபாரம் நடந்தது. வருகிறவளின் செருப்பையும் பேச்சையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு காகிதப் பட்டையில் தெளித்து நீட்டுவாள். பத்துக்கு எட்டுப் பேர், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள்.

வீட்டில் அவள் பெரியவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே தங்கை, ஒன்பது வயது இளையவள், சிட்டு. அம்மா மார்பில் கட்டி வந்து இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து இறந்தபோது சிட்டுவுக்குப் பதினாறு. பெரியவள் வேலைக்குப் போக, பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரமெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிட்டுதான். அதற்குப் பிறகும் அவள் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள்.

சென்ட் பிரிவில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் பெரியவள் ஒரு பாட்டில் வாங்கிவந்தாள். இளஞ்சிவப்பு நிறத்தில், மூடி பூ மொட்டு மாதிரி இருக்கும். ரோஜாவும் மல்லிகையும், அடியில் கொஞ்சம் வெனிலாவின் இனிப்பும்.

"பாட்டில்ல உன்ன அடைச்சு வெச்ச மாதிரி இருக்குடி," என்று சொல்லித் தங்கையின் கழுத்தில் தெளித்துவிட்டாள்.

அன்றிலிருந்து சிட்டு என்றால் அந்த வாசனை. அவள் மழலையர் வகுப்பு ஆசிரியை ஆனாள். பிள்ளைகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து புடவையை முகர்ந்து பார்க்கும். நெடுந்தூர லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாதத்தில் நாலைந்து நாள்தான் அவர் வீட்டில் இருப்பார். வண்டியில் ஏறினால் ஒரு வாரத்துக்கு என் சட்டையில் இவள் வாசனை இருக்கும் என்று கேலி பேசுவார். குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு முப்பத்தெட்டு பிள்ளைங்க இருக்கு, ஒண்ணு வேணுமா?" என்று சிட்டு கேட்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஒரு பாட்டில் அவளுக்கு ஆறு மாதம் வரும். அவளுக்கு முப்பத்தைந்து ஆன வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒன்று கேட்டாள். பிறகு மாதம் ஒன்று.

"குளிக்கிறதே அதுலதானா?" என்றாள் பெரியவள்.

"வகுப்புல பாதி பசங்க மூக்கு ஒழுகிட்டு இருக்கு. ரெண்டு மடங்கு அடிச்சாத்தான் அதுங்களுக்குத் தெரியுது," என்றாள் சிட்டு.

பெரியவளும் சிரித்தாள். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். தான் தேர்ந்தெடுத்த வாசனை தங்கைக்கு இவ்வளவு ஒட்டிப்போனதில் அவளுக்குப் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வகுப்பறை ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்கள். நல்ல கூட்டம். நின்றுகொண்டுதான் வந்தார்கள். பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது சிட்டு பெரியவள் மேல் மோதினாள். அந்த நொடியில், ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் கீழே இன்னொன்று வந்தது. பூச்சாடியில் பத்து நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. அதிலும் கொஞ்சம் கனமாக.

பெரியவள் முகத்தைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். சிட்டுவும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"பாட்டிலை எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஏன்?"

"வெயில்ல வெச்சிருப்ப. கெட்டுப்போச்சு. அடி வாசனையே மாறிடுச்சு, எனக்குத் தெரியாதா?"

சிட்டு கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "ஆமாக்கா. ஜன்னல் ஓரமாத்தான் வெச்சிருந்தேன்," என்றாள்.

"மக்கு. அதைத் தூக்கிப் போடு. நாளைக்குப் புதுசு தரேன்."

மறுநாள் புதுசு கொடுத்தாள். அதோடு அந்த விஷயத்தை மறந்தும்விட்டாள்.

அதற்குப் பிறகு சரியாக மூன்று மாதம். பெரியவள் ஒரு தாய்க்கும் மகளுக்கும் பட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பள்ளிக்கூடத்தின் ஆயா. ஓடிவந்த ஒரு குழந்தை சிட்டுவின் மார்பில் மோதிவிட்டது, புடவையெல்லாம் ரத்தம், டீச்சர் மயங்கிவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றாள். குழந்தை மோதி எப்படி ரத்தம் வரும் என்று பெரியவளுக்குப் புரியவில்லை. கடைச் சீருடையோடே ஓடினாள்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னாள்.

"வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

டாக்டர் சொன்னாள். கட்டி வந்து இரண்டு வருஷமாவது இருக்கும். தோலைப் பிளந்துகொண்டு புண்ணாகி ஏழெட்டு மாதம். துணியை மடித்து மடித்து வைத்துக் கட்டி, அதன் மேல் சென்ட் தெளித்துக்கொண்டு தினமும் வகுப்புக்குப் போயிருக்கிறாள். இனிமேல் வலியைக் குறைக்கலாம், வாடையைக் குறைக்கலாம், நாட்களைக் கூட்ட முடியாது.

பெரியவளுக்கு அந்த வாடை திரும்ப வந்தது. பூச்சாடித் தண்ணீர். பஸ். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம். நாற்காலியின் கையைப் பிடித்தபடி, "எங்க அம்மாவுக்கும் இதுதான்," என்று மட்டும் சொன்னாள்.

லாரிக்காரர் மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. முதுகுவலி என்று சொல்லித் தனிப் பாயில் படுத்தாளே, நானும் நம்பினேனே என்று வார்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை.

பெரியவள் விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். கட்டு மாற்றும்போது பக்கத்துப் படுக்கைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போவார்கள். ஊரிலேயே கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு இவள் ஒருத்திதான் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நர்ஸ் போன பிறகு அவளே கேட்டாள்.

"ஏண்டி சொல்லல?"

"அம்மாவுக்கு எல்லா வைத்தியமும் பண்ணோம். என்ன ஆச்சு? பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். நீ கடைக்குப் போயிட்ட." சிட்டு கூரையைப் பார்த்தபடி பேசினாள். "அப்புறம் அந்தக் கடைசி பெஞ்சு வாலு, மடியில உக்காந்துக்கிட்டு, மிஸ் உங்க மேல அழுகின வாசனை வருதுன்னு சொல்லிச்சு. அன்னைலேர்ந்துதான் மாசம் ஒரு பாட்டில்."

"பஸ்ல எனக்கு வந்துச்சு," என்றாள் பெரியவள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்சுது சிட்டு. நான்தான்..."

"தெரியும். உன் மூக்கு தப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்த இல்ல, அப்ப நினைச்சேன், சரி, கேக்கப் போறா, கேட்டா சொல்லிடணும்னு. நீ பாட்டில் கெட்டுப்போச்சுன்ன." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்பாடான்னும் இருந்துச்சு. வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்."

பெரியவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அழாத. எனக்கு எரிச்சலா வருது," என்றாள் சிட்டு. "இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்கோ. எனக்கு அந்த வாசனையே பிடிக்காது. முதல்லேர்ந்தே."

"எது?"

"அந்தப் பிங்க்கு. தலைய வலிக்கும். மிட்டாய் டப்பாவுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். நீ முதல் சம்பளத்துல ஆசையா வாங்கிட்டு வந்த. எல்லாரும் உனக்குன்னே செஞ்சதுன்னாங்க. எப்படிக்கா வேணாம்னு சொல்றது? அப்புறம் அதுக்குத் தகுந்த மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதாப்போச்சு."

பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பின்ன எது பிடிக்கும்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தவள், தன் தங்கையிடம் இதை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஆம்பளைங்க பக்கத்துல, மூலைல ஒரு கறுப்புப் பாட்டில் வெச்சிருப்பியே. புகை மாதிரி, மழையில நனைஞ்ச மரம் மாதிரி. நீ வேற யார்கூடயாவது பேசிட்டு இருக்கப்ப ரெண்டு மூணு தடவை எடுத்து மோந்து பாத்திருக்கேன்."

மறுநாளே பெரியவள் கடைக்குப் போய் அதை வாங்கிவந்தாள். ஆனால் அதற்குள் மருந்து மாற்றியிருந்தார்கள். எந்த வாசனை வந்தாலும் சிட்டுவுக்குக் குமட்டியது. மூடியைத் திறப்பதற்குள்ளேயே, "வேணாம்க்கா, இப்ப எதுவும் வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு நாளும் அவளால் அதை முகர முடியவில்லை.

ஒன்பது வாரம் இருந்தாள். அந்த ஒன்பது வாரத்தில் பெரியவள் அதுவரை பார்த்திராத ஒருத்தியைப் பார்த்தாள். சூடு ஆறிய கஞ்சியைக் கொண்டுவந்த வார்டு ஆயாவைச் சிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆறுதல் சொல்ல வந்த தலைமை ஆசிரியையிடம், "எட்டு வருஷமா ஜன்னலுக்குத் திரை போடக்கூட உங்களுக்கு மனசு வரல, பழத்தை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க," என்றாள். அந்த அம்மாள் பழத்தை வைத்துவிட்டு நழுவியதும் பெரியவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பெரியவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பழைய கலகலப்பில் இவ்வளவு ருசி இருந்ததில்லை. இவளோடு இன்னும் இருபது வருஷம் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு விடியற்காலையில் சிட்டு போய்விட்டாள். பெரியவள் ஒரு கையையும் லாரிக்காரர் ஒரு கையையும் பிடித்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எப்ப பாத்தாலும் சிரிச்ச முகம், ஒரு சுடுசொல் சொன்னதில்ல, பூ மாதிரி பொண்ணு. பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இல்ல. அவ கோபக்காரி," என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவரப் போனாள். லாரிக்காரர் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"ஆமா அண்ணி," என்றார் மெதுவாக. "என் மேல ரெண்டு தடவை தட்டை விட்டெறிஞ்சிருக்கா. ஒண்ணு காதுல பட்டுது. வெளிய சொன்னா யாரு நம்புவான்னு நானும் சொல்லல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, அது அப்படியே அழுகையாக மாறியது. தட்டு எறிந்த கதையை அவர் சொன்னார். தலைமை ஆசிரியை பழம் கொண்டுவந்த கதையை இவள் சொன்னாள். பஸ்ஸில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதைச் சொல்ல அவளுக்கு நாலு மாதம் ஆனது. லாரிக்காரர் சவாரிக்கு நடுவில் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, குடித்த டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, "வரேன் அண்ணி," என்று கிளம்பிவிட்டார். அப்புறம் பேச்சே இல்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

இதற்கிடையில் அவள் மேலாளரிடம் கேட்டு இரண்டாம் மாடிக்கு மாறியிருந்தாள். படுக்கை விரிப்பு, தலையணை, போர்வை. எவ்வளவு நல்ல மூக்கு, போர்வைக்கு நடுவில் வீணாகப்போகிறதே என்று மேலாளர் வருத்தப்பட்டார். கீழே நின்றால், "எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் இப்போது விடையில்லை.

குளிர் தொடங்கிய வாரம், ஒரு சாயங்காலம், போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தாள். லாரிக்காரர். தாடி வளர்ந்து, இளைத்துப்போயிருந்தார்.

"கீழ கேட்டேன், மேல மாறிட்டீங்கன்னாங்க," என்றார். "ஒரு போர்வை வேணும் அண்ணி. இருக்கிறதெல்லாம் பழசாயிடுச்சு."

பெரியவள் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தாள். மாதக்கணக்கில் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"ரெட்டைப் போர்வையா, ஒத்தையா தம்பி?"

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. அவர் கொஞ்ச நேரம் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒத்தை," என்றார். "நல்ல கனமானதா, நீங்களே பாத்து எடுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, அடுக்கின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் பிரித்துக் காட்டத் தொடங்கினாள்.